பெயர் தெரியாத நோயும் அல்லாஹ் அறிந்ததே
(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனது சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும், இங்கே கூடியிருக்கும் நம் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! பெண்கள் பகுதியில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே!

இன்றைய உரையை ஒரு மன்னிப்போடு தொடங்குகிறேன். சில காலத்துக்கு முன்பு இதே மிம்பரில் நின்று, பள்ளிவாசலில் நாற்காலிகள் கூடிக்கொண்டே போவதைப் பற்றிப் பேசினேன். "கடைவீதியில் நடக்க முடிகிறது, பைக் ஓட்ட முடிகிறது, தொழுகைக்கு மட்டும் நாற்காலி கேட்கிறதா?" என்று கேட்டேன். பலர் தலையாட்டினார்கள். அன்று கடைசி ஸஃப்பில் நாற்காலியில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவருடைய அத்தா என்னைச் சந்தித்தார். "ஹஜ்ரத், என் மகனுக்குத் தலைசுற்றல். ஸஜ்தாவில் தலையை வைத்தால் தரையே கவிழ்கிற மாதிரி இருக்கிறதாம். ஒரு வருடத்துக்கு மேலாக டாக்டர் டாக்டராக அலைகிறோம். யாரும் இன்னதென்று சொல்லவில்லை. நீங்கள் பேசியது அவனைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கு வருவதையே விட்டுவிட்டான்" என்றார்.

நான் யாரையும் மனதில் வைத்துப் பேசவில்லைதான். ஆனால் விசாரிக்காமல் பேசினேன். அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அனுமதித்ததால் பெயர் சொல்லாமல் இதை இங்கே சொல்கிறேன். அவரைப் போன்றவர்கள் இந்த மஹல்லாவில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ!

வெளியே தெரியாத நோய்

காலில் கட்டுப் போட்டவரைப் பார்த்தால் நாம் எழுந்து இடம் கொடுக்கிறோம். காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். தலைசுற்றலுக்குக் கட்டும் இல்லை, சூடும் இல்லை. அவர் பார்க்க நன்றாகவே இருப்பார். அதுதான் அவருடைய சோதனையில் பாதி.

அந்த இளைஞர் எலக்ட்ரீஷியன். ஏணியில் ஏறி வேலை பார்ப்பவர். இப்போது ஏணியின் இரண்டாம் படியிலேயே கை நடுங்குகிறது. பைக்கை விட்டுவிட்டார். ஜவுளிக்கடைக்குப் போனால் அடுக்கியிருக்கும் துணிகளும் நடமாடும் கூட்டமும் சேர்ந்து அவரைத் தள்ளாட வைக்கின்றன. காது டாக்டர் "காதில் ஒன்றும் இல்லை" என்றார். நரம்பு டாக்டர் ஸ்கேன் எடுத்துவிட்டு "எல்லாம் நார்மல்" என்றார். இன்னொருவர் "கழுத்து எலும்பு தேய்மானம்" என்று பட்டை மாட்டிவிட்டார். வேறொருவர் "டென்ஷன், நன்றாகத் தூங்குங்கள்" என்று மாத்திரை கொடுத்தார். 

வீட்டிலும் உறவிலும் பேசியது வேறு. "பித்தம், எலுமிச்சம்பழம் குடி" என்றார்கள். "கண்ணேறு" என்றார்கள். "ஜின் தீண்டியிருக்கும், இன்ன ஊருக்குக் கூட்டிப் போங்கள்" என்றார்கள். கடைசியில், "வேலைக்குப் போகச் சோம்பேறித்தனம், நடிக்கிறான்" என்றும் சொல்லிவிட்டார்கள்.

அவர் என்னிடம் சொன்னதை மறக்க முடியவில்லை. "ஹஜ்ரத், ஒவ்வொரு தடவை ரிப்போர்ட் நார்மல் என்று வரும்போதும் வீட்டில் அல்ஹம்துலில்லாஹ் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் உள்ளுக்குள் ஏதாவது ஒரு நோய் தெரிந்திருக்கக் கூடாதா என்று இருக்கும். அப்படி நினைப்பது பாவமா?"

சகோதரர்களே, அது பாவம் அல்ல. அவர் நோயை ஆசைப்படவில்லை, தன் சொல்லை மற்றவர்கள் நம்ப வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறார்.

பள்ளிவாசலிலேயே தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட நபித்தோழர்

இது இன்று புதிதாக நடப்பதல்ல. மஸ்ஜிதுந் நபவீயில், நபிகளாரின் மிம்பருக்கும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறைக்கும் இடையில் ஒருவர் மயங்கிக் கிடக்கிறார். வருகிறவர்கள் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாக எண்ணி, அவருடைய கழுத்தின் மீது காலை வைக்கிறார்கள். அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவரை அவ்வாறுதான் கையாள்வார்கள். கிடந்தவர் யார் தெரியுமா? ஆயிரக்கணக்கான ஹதீஸ்களை நமக்கு எடுத்துத் தந்த அபூஹுரைரா (ரலி) அவர்கள்! பிற்காலத்தில் அவர்களே இதை நினைவுகூர்ந்து, தமக்குப் பைத்தியம் எதுவும் இருக்கவில்லை, பசியைத் தவிர வேறொன்றும் இல்லை என்று சொன்னார்கள். (புகாரி 7324)

காரணம் பசி. பார்த்தவர்கள் முடிவு செய்ததோ பைத்தியம். பைத்தியம் என்று நினைத்ததால் கழுத்தில் கால் வந்தது. பசி என்று தெரிந்திருந்தால் கையில் பேரீச்சம்பழம் வந்திருக்கும். நோயின் காரணத்தைத் தவறாகச் சொல்வதால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா? நாம் ஒருவரைப் பார்த்து "நடிப்பு" என்று சொல்லும்போது, அவருடைய கழுத்தில்தான் காலை வைக்கிறோம்.

மார்க்கத்தின் பெயரால் அவசரத் தீர்ப்புச் சொல்வது இன்னும் ஆபத்தானது. ஒரு பயணத்தில் ஒரு தோழரின் தலையில் கல் பட்டுக் காயமாகிவிட்டது. அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று கேட்டார். உடனிருந்தவர்கள், தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றதே அவர்கள்தான் என்று மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்றும் சொன்னார்கள். (அபூதாவூத் 336)

நாற்காலியைப் பற்றி நான் பேசியதும் இந்த வகையில் சேரும். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

அந்தப் பெண்ணிடம் நபிகளார் சொல்லாதவை

வலிப்பு நோயுள்ள ஒரு கறுப்பினப் பெண்மணி நபியவர்களிடம் வருகிறார். எனக்கு வலிப்பு வருகிறது, அப்போது என் ஆடை விலகிவிடுகிறது, எனக்காகப் பிரார்த்தியுங்கள் என்கிறார். நபி (ஸல்) அவர்கள் அவருக்கு இரண்டு வழிகளைச் சொன்னார்கள். விரும்பினால் பொறுமையாக இரு, உனக்குச் சொர்க்கம் உண்டு. விரும்பினால் குணமாக துஆ செய்கிறேன். அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் ஆடை விலகாமல் இருக்க மட்டும் துஆ செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நபியவர்களும் துஆ செய்தார்கள். (புகாரி 5652)

இந்த ஹதீஸைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். இன்று நபியவர்கள் எதைச் சொல்லவில்லை என்பதைப் பாருங்கள். "உண்மையிலேயே வலிப்பு வருகிறதா?" என்று கேட்கவில்லை. "உன் ஈமான் பலவீனம்" என்று சொல்லவில்லை. "என்ன பாவம் செய்தாய்?" என்று விசாரிக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே நம்பினார்கள்.

நோய் இருந்துவிட்டுப் போகட்டும், பிறர் முன் என் மானம் காக்கப்பட வேண்டும் என்பதே அவருடைய வேண்டுகோள். நம் இளைஞரும் இதைத்தானே கேட்கிறார்? கடைவீதியில் தள்ளாடினால் குடிகாரன் என்று நினைப்பார்களோ என்ற பயத்தில், சுவரோரமாகவே நடப்பாராம். நோயாளியின் மானமும் நம் பொறுப்பு என்பதை இந்த ஹதீஸ் கற்றுத் தருகிறது.

பொறுமை என்றால் தேடாமல் இருப்பதா?

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. "அந்தப் பெண் பொறுத்துக்கொண்டாரே, நீயும் மருத்துவம் பார்க்காமல் பொறுத்துக்கொள்" என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது. மருந்து செய்யலாமா என்று கேட்ட கிராமவாசிகளுக்கு, செய்யுங்கள் என்றுதான் நபியவர்கள் கூறினார்கள். முதுமையைத் தவிர எந்த நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்றும் சொன்னார்கள். (அபூதாவூத் 3855)

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்து முஸ்லிமில் இடம்பெறும் செய்தியில் இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. நோய்க்குரிய மருந்து சரியாகப் பொருந்தினால் அல்லாஹ்வின் அனுமதியோடு குணம் கிடைக்கும் என்பது அதன் கருத்து. பொருந்த வேண்டுமென்றால் முதலில் நோய் எதுவென்று தெரிய வேண்டும். எனவே நோயைக் கண்டறியப் பாடுபடுவதும் இந்த ஹதீஸுக்குள் அடக்கம். பெரியம்மையும் தட்டம்மையும் வேறு வேறு என்று பிரித்துக் காட்டித் தனி நூல் எழுதிய மருத்துவ மேதை அர்ராஸீ நம் முன்னோர்தான்.

நம் ஒவ்வொரு காதின் உள்ளேயும் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே நீர்மம். தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த நீர்மத்தின் அசைவு மூளைக்குச் செய்தி சொல்கிறது. அருகிலேயே கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புப் படிகங்கள் இருந்து, மேல் எது, கீழ் எது என்பதை உணர்த்துகின்றன. காது, கண், கால்களின் உணர்வு இந்த மூன்றையும் மூளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்துத்தான் நம்மை நிற்க வைக்கிறது. நாம் ருகூவுக்குக் குனிந்து, ஸஜ்தாவில் நெற்றியை வைத்து, தக்பீர் சொல்லி எழுகிறோமே, ஒவ்வொரு ரக்அத்திலும் இந்த ஏற்பாடு வேலை செய்கிறது. இதற்காக என்றாவது நன்றி சொல்லியிருக்கிறோமா?

அந்தப் படிகங்களில் சில இடம் பெயர்ந்து குழாய்க்குள் போய்விட்டால், படுக்கையில் புரளும்போதும் ஸஜ்தா செய்யும்போதும் உலகமே சில வினாடிகள் சுழலும். நம் பள்ளியிலேயே ஒரு சகோதரிக்கு இதுதான் இருந்தது. ஒன்பது மாதம் "ரத்தக் குறைவு", "பயம்" என்று சொல்லப்பட்டு வந்தவர். ஓர் இளம் மருத்துவர் அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று படுக்க வைத்துக் கண்களைப் பார்த்தார். கண்கள் துடித்தன. நோய் தெரிந்துவிட்டது. தலையை ஒரு முறைப்படி திருப்பித் திருப்பிப் படிகங்களைப் பழைய இடத்துக்கு அனுப்பினார். சில நிமிட வேலை. அந்தச் சோதனை முறை 1952லிருந்தே மருத்துவ உலகில் இருக்கிறது! நிம்மதியில் அழுதுவிட்டதாக அந்தச் சகோதரி என் மனைவியிடம் சொன்னார்.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. நம் இளைஞருக்கும் இதே சோதனையைச் செய்தார்கள். கண்கள் துடிக்கவில்லை. இன்றுவரை அவருடைய நோய்க்கு உறுதியான பெயர் கிடைக்கவில்லை.

மனிதர்கள் பெயர் வைப்பதற்கு முன்பும்

அவருக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். காதிரைச்சலோடும் கேட்கும் திறன் குறைவோடும் வருகிற கடும் தலைசுற்றலை, ஒரு காலத்தில் மூளையின் கோளாறு என்றே மருத்துவர்கள் நினைத்தார்கள். 1861ல்தான் மெனியே என்ற பிரெஞ்சு மருத்துவர் அது உள்காதிலிருந்தும் வரலாம் என்று எடுத்துச் சொன்னார். முதலில் ஒரு தலைசுற்றல் வந்து போய், பிறகு மூன்று மாதத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் தள்ளாட்டம் நீடிப்பதும், நிற்கும்போதும் நெரிசலான இடங்களிலும் அது கூடுவதும் ஒரு தனி நோய் என்று சர்வதேச மருத்துவர் குழு வரையறை வகுத்தது 2017ல்தான்.

அப்படியானால் 2016ல் அதே துன்பத்தோடு வாழ்ந்தவர் நடித்தாரா? 1860ல் சுழன்று விழுந்தவர் பொய் சொன்னாரா? இல்லை. நோய் இருந்தது, அதைப் புரிந்துகொள்ளும் அறிவு மனிதர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. மருத்துவர் "எனக்குத் தெரியவில்லை" என்பதற்கு "உனக்கு ஒன்றுமில்லை" என்று பொருள் அல்ல. 

படைத்தவனுக்கு அது முன்பும் தெரியும், இப்போதும் தெரியும். கண் இழக்கும் அளவுக்குத் துயரப்பட்ட யஃகூப் (அலை) அவர்கள், தம் வேதனையையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுவதாகச் சொன்னதை யூசுஃப் அத்தியாயத்தில் ஓதுகிறோம். நோய் தீண்டியபோது அய்யூப் (அலை) அவர்கள் தம் இறைவனை அழைத்ததை அன்பியா அத்தியாயத்தில் ஓதுகிறோம். அவர்கள் தம் நோய்க்குப் பெயர் சொல்லி முறையிடவில்லை. எனக்குத் துன்பம் நேர்ந்திருக்கிறது, நீயோ அருளாளர்களில் எல்லாம் பெரிய அருளாளன் என்பதே அந்த துஆவின் சாரம். ரிப்போர்ட் இல்லாமலேயே ஏற்றுக்கொள்ளப்படும் முறையீடு அது.

முஸ்லிமுக்கு ஏற்படும் களைப்பு, நோய், கவலை, காலில் தைக்கும் முள் வரை அனைத்துக்கும் பகரமாக அல்லாஹ் பாவங்களை மன்னிக்கிறான் என்பது நபிமொழி. (புகாரி 5641) நோயோடு கவலையும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். "எனக்கு என்னதான் ஆயிற்று?" என்று இரவெல்லாம் விழித்திருந்த அந்தக் கவலைக்கும் கூலி உண்டு.

தொழுகை பற்றி

மூலநோயால் அவதிப்பட்ட இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகை பற்றிக் கேட்டபோது, நின்று தொழு, முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். (புகாரி 1117) எனவே தலைசுற்றல் உள்ளவர் முடிந்த அளவு நிற்கட்டும். விழுந்துவிடும் நிலை வந்தால் உட்காரட்டும். தரையில் நெற்றி வைக்க முடியாதவர் சைகையால் செய்யட்டும், ருகூவை விட ஸஜ்தாவுக்குச் சற்று அதிகமாகக் குனியட்டும். வுளூவை உட்கார்ந்து செய்யுங்கள். ஜும்ஆவுக்கு வர முடியாத அளவு கடுமையான நாளில் வீட்டில் லுஹர் தொழுதுகொள்ளுங்கள். நோன்பு விஷயத்தில் மருத்துவரிடமும் கேளுங்கள், ஆலிமிடமும் கேளுங்கள். 

இந்தச் சலுகையைப் பயன்படுத்த வெட்கப்படாதீர்கள். நம் தலைவரின் கடைசி நோயில் என்ன நடந்தது? மக்கள் தொழுதுவிட்டார்களா என்று கேட்டார்கள். குளித்துவிட்டு எழ முயன்றார்கள், மயங்கினார்கள். தெளிந்தார்கள், மறுபடியும் கேட்டார்கள், குளித்தார்கள், எழ முயன்றார்கள், மயங்கினார்கள். மூன்றாம் முறையும் அப்படியே. பிறகுதான் அபூபக்ர் (ரலி) அவர்களைத் தொழுவிக்கச் சொல்லி அனுப்பினார்கள். பின்னர் சற்று இலேசானபோது, இரண்டு பேர் தாங்கிக்கொள்ளப் பள்ளிக்கு வந்து உட்கார்ந்தே தொழுதார்கள். (புகாரி 687)

எழுந்து நிற்க முடியாமல் மயங்குவது ஈமானின் குறை என்றால், அல்லாஹ்வின் தூதருக்கு அது நேர்ந்திருக்குமா? முன்பு ஆரோக்கியமாக இருந்தபோது செய்துவந்த அமல்களின் கூலி, நோயாளிக்கு அப்படியே எழுதப்படுகிறது என்ற நற்செய்தியும் இருக்கிறது. (புகாரி 2996)

நோயாளிகளே, உங்களுக்குச் சில வார்த்தைகள்

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது வெறுமனே "தலைசுற்றுகிறது" என்று சொல்லாதீர்கள். எழுதிக்கொண்டு போங்கள். எப்போது வருகிறது? படுக்கையில் புரளும்போதா, எழுந்து நிற்கும்போதா, கூட்டத்திலா? எவ்வளவு நேரம்? வினாடிகளா, மணிக்கணக்கா, நாள் முழுவதுமா? சுழல்கிறதா, மயக்கம் வருகிறதா, தள்ளாட்டமா? காதிரைச்சல், தலைவலி உண்டா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? நோயைப் பிரித்தறிய மருத்துவருக்கு ஸ்கேனை விட இந்த விவரங்கள் பல நேரம் உதவும். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள். தலைசுற்றலோடு பேச்சுக் குழறினால், கை கால் பலவீனமானால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், திடீரென நடக்கவே முடியாமல் போனால், ஓதிப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள். 

குர்ஆன் ஓதி துஆ செய்வது சுன்னத். ஆனால் ஜின்னை விரட்டுகிறேன் என்று பணம் பறிப்பவர்களிடமும் தாயத்துகளிடமும் போகாதீர்கள்.

மற்றவர்களுக்கு

நோயாளியை நலம் விசாரிப்பது முஸ்லிமின் கடமைகளில் ஒன்று. போனால் வைத்தியம் சொல்லாதீர்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். "இன்னுமா சரியாகவில்லை?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். மருத்துவமனைக்குத் துணைக்குப் போங்கள். தனியாகப் போனால் டாக்டர் கேட்பதற்குப் பதில் சொல்லவே அவருக்குத் தெம்பு இருக்காது. வேலைக்குப் போக முடியாத வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பாருங்கள். நபிகளாரை இரண்டு பேர் தாங்கி வந்தார்களே, அந்த இரண்டு பேராக நாம் இருக்க வேண்டாமா?

நாற்காலியில் ஒருவரைக் கண்டால், காரணத்தை அல்லாஹ்விடம் விட்டுவிடுங்கள். சந்தேகங்களில் பலவற்றைத் தவிர்க்கும்படி ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான்.

அந்த இளைஞர் இப்போது மீண்டும் பள்ளிக்கு வருகிறார். தலைசுற்றல் போய்விடவில்லை. நின்ற நிலையில் சமநிலையைப் பழக்கும் பயிற்சிகளை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் செய்துவருகிறார். கொஞ்சம் பரவாயில்லை என்கிறார். சில வாரம் பின்னடைவு வருகிறது என்கிறார். ஏணி வேலையை விட்டுவிட்டு, ஒரு கடையில் மோட்டார் காயில் கட்டும் வேலை பார்க்கிறார். தூணை ஒட்டி அவருக்கு ஓர் இடம். ஏன் அந்த இடம் என்று இனி யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

யா அல்லாஹ்! பெயர் தெரிந்த நோயாலும் பெயர் தெரியாத நோயாலும் வாடும் எங்கள் சகோதர சகோதரிகளுக்குப் பரிபூரண ஷிஃபாவைத் தருவாயாக! அவர்களின் நோயைக் கண்டறியும் அறிவையும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மையையும் மருத்துவர்களுக்குத் தருவாயாக! அவர்களின் மானத்தைக் காப்பாயாக! விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன எங்கள் நாவுகளை மன்னிப்பாயாக! நாங்கள் தள்ளாடும் நாளில் எங்களைத் தாங்கிப் பிடிக்கும் கரங்களைத் தருவாயாக! ஆமீன்.

எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனுக்கே.